அழுத்தினாரா?

பக்கவாதம் வந்து பேச்சிழந்து கிடந்த சிங்காரவேலுவுக்கு இடது கையில் மட்டும் கொஞ்சம் அசைவு மிச்சமிருந்தது. தலையில் ஆபரேஷன் செய்தால் பிழைத்தாலும் பிழைக்கலாம், செய்யாவிட்டால் சில நாள்தான் என்றார் டாக்டர். அப்பாவின் விருப்பத்தையே கேட்டுவிடுவது என்று மகன் மதியழகன் முடிவுசெய்தான்.

"நீ கையப் பிடிச்சுக்கம்மா. அப்பா, ஆபரேஷன் வேணும்னா அம்மா கைய அழுத்துங்க."

ஆதிலட்சுமி கணவரின் கையைத் தன் கைகளுக்குள் வைத்து மூடிக்கொண்டாள். சர்க்கரை நோயில் அவள் விரல்களும் உள்ளங்கைகளும் மரத்துப்போய் இரண்டு வருடமாகிறது. கொதிக்கும் பாலில் விரல் வெந்ததுகூடத் தெரியாமல் நின்ற அன்று அவரிடம்தான் முதலில் சொன்னாள். "உடம்பு வணங்காதவளுக்கு இப்படி எத்தனையோ வரும்" என்று சிரித்தார். அதன்பிறகு அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. இப்போதும் சொல்ல வாய் வரவில்லை.

"அழுத்தினாராம்மா?"

மூடிய கைகளையே பார்த்தாள். எதுவும் அசைந்ததாகத் தெரியவில்லை.

"இல்லடா."

"நல்லாப் பார்த்துச் சொல்லு."

"அழுத்தலன்னா அழுத்தலதான்."

அந்தக் குரலின் கடுமை அவளுக்கே புதிதாக இருந்தது. மதியழகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோவதாக டாக்டரிடம் சொல்லக் கிளம்பினான்.

ஆதிலட்சுமி மெல்லக் கையை விலக்கினாள். அவள் உள்ளங்கையில் பிறை பிறையாக நான்கு நகத்தடங்கள் ஆழப் பதிந்திருந்தன. ஒன்றில் ரத்தம் கசிந்தது. சிங்காரவேலு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் மகன் போய்க்கொண்டிருந்தான்.