ரொட்டிக்கு ஒரு ஜெபம்

"உன் லாட்ஜ்ல தங்கியிருக்கானே அந்த அர்ஜென்டினாப் பையன், நேத்து மட்டும் எங்க வீட்டுக்கு ரெண்டு தடவை ஜெபம் சொல்ல வந்துட்டான்" என்றாள் எதிர்வீட்டு கிரிகோரியா.

எர்மீனியாவுக்குச் சுருக்கென்றது. கல்லறைத் திருநாளுக்காக, செத்தவர்களின் ஆவிகள் நேற்று மதியமே பசியோடு வீடு வந்தாயிற்று. இன்று மதிய மணி அடித்தால் கிளம்பிவிடுவார்கள். அதுவரை மேசை நிறைய ரொட்டி பரப்பி, ஜெபம் சொல்ல வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தனுப்புவது லா பாஸ் நகரத்து வழக்கம்.

"ரொட்டிக்காக வந்திருக்கான். இருக்கறதுலயே மலிவான கட்டில் கேட்டப்பவே நினைச்சேன்."

"நல்லாத்தான் ஜெபிச்சான். எங்க மாமனார் பேரைத்தான் தப்பாச் சொன்னான்" என்று சிரித்தாள் கிரிகோரியா. "அது கிடக்கட்டும். உன் தங்கச்சி போய் முதல் வருஷமாச்சே, நீ மேசை போடலையா?"

"லாட்ஜ் வேலையே தலைக்கு மேல கிடக்கு."

"இந்த வீட்டுக்காகப் போட்ட சண்டை அவளோடயே போகட்டும்டி."

எர்மீனியா உள்ளே போய்விட்டாள்.

மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் அந்த அர்ஜென்டினாப் பையன் நஹுவேல் லாட்ஜுக்குத் திரும்பினான். காலையில் புடைத்துக்கொண்டு போன முதுகுப்பை இப்போது தொளதொளவென்று தொங்கியது.

"அத்தனையும் தின்னு தீர்த்தாச்சா?"

"இல்லம்மா..."

"செத்தவங்க பேரைச் சொல்லி வயித்தை வளர்க்கிறவனுக்கு என் வீட்ல இடமில்ல. மூட்டையைக் கட்டு."

அவன் முகம் வாடிவிட்டது.

"எல்லாத்தையும் கல்லறைத் தோட்டத்துல வச்சுட்டேன்மா. நேத்து சுத்திப் பார்க்கப் போயிருந்தேன். சுவர்ல சவப்பெட்டி வச்சு மூடின எல்லா மாடத்துலயும் பூவும் ரொட்டியுமா இருந்துச்சு. ஒண்ணுல மட்டும் ஒண்ணுமே இல்ல. பசியோட வந்தவங்க பசியோடயே திரும்பிடுவாங்களேன்னு மனசு கேக்கல. கடையில வாங்க எனக்கு வசதியில்ல. அதான் வீடு வீடா ஜெபம் சொல்லி வாங்கினேன்."

"யாரு மாடம்?"

"பௌலினான்னு எழுதியிருந்துச்சு. பாவம், அவங்களுக்குன்னு இந்த ஊர்ல ஒருத்தரும் இல்ல போல."

எர்மீனியா அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்து வழிந்ததை அவள் துடைக்கக்கூட இல்லை.

"சோம்பு போட்ட ரொட்டி ஒண்ணாவது இருந்துச்சா தம்பி? என் தங்கச்சிக்கு அதுதான் பிடிக்கும்."