மாசிலாமணி சித்தப்பாவின் ஃப்ளாஸ்க்

மனித நாகரிகத்தின் உச்சம் டிரஸ்டி இயந்திரம்தான் என்று எந்த மேடையிலும் சொல்வேன். பெற்றோரில்லாத பிள்ளைகளின் சொத்தைக் காக்கும். அதில் ஒரு வாய்கூடத் தின்னாது. வாய் இருந்தால்தானே.

முன்பெல்லாம் மனிதர்கள்தான் டிரஸ்டி. எனக்கு மாசிலாமணி சித்தப்பா. நான் மேஜராகும்வரை, அப்பா எனக்கு எழுதிவைத்த வீட்டைப் பார்த்துக்கொள்ள வருவார். ஃப்ளாஸ்க்கில் சொந்தக் காபி. உட்காரும் முன் ஃபேனை அணைப்பார்.

"உன் காத்துடா, எனக்கெதுக்கு?"

அவர் எழுந்துபோன நாற்காலி நனைந்திருக்கும். கல்லூரி முழுக்க அதை நடித்துக்காட்டிக் கைதட்டல் வாங்கினேன்.

போன மாதம் அக்காவும் மாமாவும் விபத்தில் போய்விட்டார்கள். மகள் துளசிக்கு எட்டு வயது. வீட்டை வாடகைக்கு விட்டு அவளை விடுதியில் சேர்ப்பதே அவளுக்கு லாபம் என்றது இயந்திரம். உறவினர் யாராவது பொறுப்பேற்றால் அது விலகிக்கொள்ளும்.

"மாமா, நீங்க டிரஸ்டியா இருங்களேன். நான் அப்பா கூடப்பிறந்த அத்தையோட இங்கேயே இருந்துக்கறேன்."

கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் உச்சி வெயிலில் அங்கே போனேன். துளசி எனக்காக ஃபேனைப் போட்டாள். எழுந்து அணைத்தேன்.

"ஏன் மாமா, இப்படி வேர்க்குதே?"

"குளிருதும்மா" என்று பையிலிருந்து ஃப்ளாஸ்க்கை எடுத்தேன்.