தேய்கிற கல்

ரெங்கம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வைத்திலிங்கம், தான் சேர்த்த அபூர்வக் கற்களைக் கண்ணாடி அலமாரியில் பெயர்ச்சீட்டோடு அடுக்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகத் துரையே சொல்லியிருந்தார்.

"தெய்வானை, குளுவாங் சந்தையில வாங்கின வெள்ளைக் கல்லு தேங்காயளவு இருந்துச்சு. இப்ப எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு. யாருக்கு உடைச்சுக் குடுத்த?"

"சாவி உங்க அரைஞாண்கயித்துலதான தொங்குது?" என்றாள் மனைவி.

வைத்திலிங்கம் ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சினார். முப்பது வருஷமாக அவர் யோசிக்கும் முறை அதுதான்.

"அப்ப கல்லு தானா தேயுமா?"

"ஐயோ அலமாக், அதைக் கல்லுன்னா நினைச்சீங்க? பூச்சி வராம இருக்க கற்பூரம் வெச்சிருக்கீங்கன்னுல்ல இருந்தேன். வாசல்லயே வாசனை தூக்குதே, உங்களுக்குத் தெரியலையா?"

அலமாரியைத் திறந்து, கல்லை மூக்கருகே வைத்து இழுத்துப் பார்த்தார். பொடி நெடிதான் வந்தது.

மிச்சத்தை வாங்கிப்போய்ச் சாமிக்கு ஏற்றிய தெய்வானை, "அந்த இடம் காலியாக் கிடக்கே, துரை கேட்டா என்ன சொல்வீங்க?" என்றாள்.

வைத்திலிங்கம் தன் பொடி டப்பாவை அங்கே வைத்தார். கல்லின் பெயரை அடித்துவிட்டு, சீட்டில் முத்து முத்தாக எழுதினார்:

"கிராணியின் மூக்கு இங்கே அடக்கம்."