கழற்ற வேண்டிய கைப்பிடி

பீங்கான் பொம்மைப் பட்டறை வாசலில் நின்ற அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விலைக்குப் பார்க்கத்தான் ஆனந்தராஜ் புதுச்சேரியிலிருந்து விருத்தாசலம் வரை வந்திருந்தார். ஐம்பது வருடத்துப் பழைய வண்டி, பெயின்ட்கூட மாறவில்லை. உள்ளே எட்டிப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், வெல்டிங் வைத்த இரண்டு இரும்புக் கைப்பிடிகள் துருத்திக்கொண்டிருந்தன.

“சீ! என்னம்மா இது அசிங்கம்? ரேஸ் விடுற பசங்க மாட்டுற மாதிரி?”

“நான் வெச்சதுதாங்க” என்றாள் வண்டியின் சொந்தக்காரி பாரதி. டிரைவர் சீட்டை விட்டு அவள் இறங்கவே இல்லை. வந்தவரை எழுந்து ‘வாங்க’ என்று கேட்கக்கூடத் தெரியாதா என்று அவருக்கு எரிச்சல்.

“கம்பெனியிலேர்ந்து வந்தபடியே இருந்தா கேட்ட வெலைக்கு மேலயே குடுப்பேன். கண்டதையும் மாட்டுன வண்டிய எவன் வாங்குவான்? பாக்கவே குமட்டுது.”

“கழட்டிட்டுத்தாங்க குடுப்பேன். அடுத்த வண்டிக்கு எனக்கு அது வேணும்.”

“அதையும் நாசம் பண்ணணுமா?” காறித் துப்பினார். “சரி, எறங்கும்மா. நான் ஓட்டிப் பாக்கணும்.”

பாரதி பட்டறைப் பக்கம் திரும்பி, “என்னங்க, கொஞ்சம் வாங்க” என்று குரல் கொடுத்தாள்.

களிமண் கையைத் துடைத்தபடி வந்த அவள் கணவன் கொளஞ்சியப்பன், அவளை அப்படியே இரண்டு கையாலும் தூக்கி, உள்ளிருந்து தள்ளிவந்த சக்கர நாற்காலியில் உட்காரவைத்தான். சூம்பிய கால்களைப் புடவையால் மூடிவிட்டான்.

“பெடலும் வேலை செய்யும் சார். நீங்க காலாலயே ஓட்டிப் பாருங்க” என்று பாரதி சாவியை நீட்டினாள்.

ஆனந்தராஜ் வாங்கவில்லை. தான் துப்பிய இடத்தைச் செருப்பால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தார்.