ரயிலில் வந்த முப்பது பேர்

எங்கள் எஃகு ஆலை வேலைநிறுத்தத்துக்கு இது ஒன்பதாவது வாரம். பென்சில்வேனியாப் பனி மூக்கைக் கடிக்கிறது. எங்கள் இடத்தில் வேலை பார்க்க முதலாளி வரவழைத்த முப்பது பேர் ரயிலைவிட்டு இறங்குகிறார்கள். ஃபோர்மன் ஹாலரன், "வாங்கப்பா, வாங்க!" என்று மாப்பிள்ளை வீட்டாரைப்போல வரவேற்கிறார். எங்கள் கைகளில் கற்கள்; எதிரே காவலர்களின் துப்பாக்கிகள். அந்த நேரத்தில், வேலைநிறுத்தப் பந்தலில் எங்களுக்குச் சமைத்துப்போடும் யாத்விகா அக்கா சூப் கரண்டியோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னே போகிறாள். அவளைக் கண்டதும் இறங்கியவர்களில் ஒரு நெட்டையன் தொப்பியை மூக்குவரை இழுத்துவிடுகிறான். "டேய் ஜிக்மண்ட்! உங்க அண்ணன் சோத்துல மண்ணள்ளிப் போடவாடா வந்தே?" "சத்தியமா ஸ்ட்ரைக்குன்னு சொல்லல அண்ணி! திராட்சை பறிக்கிற வேலைன்னாங்க." "இந்தப் பனியில ஏதுடா திராட்சை?" அவன் காதைப் பிடித்துத் திருகி இழுத்துப் போகிறாள். ஆறடி ஆள் கூனிக்கொண்டே நடக்கிறான். பின்னாலிருந்து ஒருவன் தயங்கிக் கேட்கிறான்: "அண்ணி, எங்களுக்கும் சூப் கிடைக்குமா?" "முட்டைக்கோஸ்தான். வாங்க, வந்து தொலைங்க!" ஒரு காவலர் சிரிப்பை அடக்கமுடியாமல் துப்பாக்கியைத் தாழ்த்துகிறார். மீதி இருபத்தொன்பது பேரும் வரிசையாக அவள் பின்னால் போகிறார்கள். எங்கள் கற்கள் ஒவ்வொன்றாகப் பனியில் விழுகின்றன. நடைமேடையில் ஹாலரன் மட்டும் நிற்கிறார். ரயில் ஓட்டுநர் எட்டிப் பார்த்து மரியாதையாகக் கேட்கிறார்: "சார், நீங்க ஏறிக்கிறீங்களா?"