கேமராவில் சிக்கிய தோடு

“சார், சிக்கிட்டாரு!”

கேமரா அறையில் கண்காணிப்பு வேலை பார்க்கும் அவள் போட்ட சத்தத்தில் திட்ட டைரக்டர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார்.

திரையில், கீழ்த்தளத்து அடையாள அட்டை கவுண்டர். ஒரு பெண்மணி காதிலிருந்த கல்தோட்டைக் கழற்றிக் கண்ணாடிக்கு அடியில் தள்ளுகிறாள். கவுண்டர்காரர் அக்கம்பக்கம் பார்க்கிறார். தோடு டிராயருக்குள் போகிறது.

“அடப்பாவி! பச்சைப்பிள்ளை மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு நகையிலயே கை வைக்கிறானே!” என்று திட்டினார் டைரக்டர். முகமெல்லாம் பல்.

சிரிக்காமல் என்ன செய்வார்? லஞ்சத்தை ஒழிக்க வெளிநாட்டு நிதி வந்து, யாருக்கும் தெரியாமல் கேமரா மாட்டி, மாதக்கணக்கில் பார்த்தும் ஒருத்தர் சிக்கவில்லை. நிதி கொடுக்கும் வெளிநாட்டு அம்மா அன்று மதியம் வருகிறார். காட்ட ஒன்றும் இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அவளுக்கும் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. கைக்குழந்தை வேறு.

“ஓடும்மா, அந்தப் பொம்பளையைப் பிடி. ஆமா கொடுத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

படியிறங்கி ஓடினாள். அந்தப் பெண்மணி அப்போதுதான் போட்டோ அறையிலிருந்து வெளியே வந்தாள். எதிரே கவுண்டர்காரர், உள்ளங்கையில் தோட்டோடு.

“இந்தாங்கம்மா உங்க சொத்து. தொலைஞ்சு போயிடுமோன்னு எனக்குத்தான் பக்கு பக்குன்னு இருந்துச்சு. புது போட்டோ மெஷின், இன்னைக்குத்தான் மாட்டினாங்க. கல்லுல வெளிச்சம் பட்டா படத்தைத் துப்பிடுது. அதுக்கு நகைன்னாலே ஆகலை.”

“எங்க வீட்டுக்காரருக்கும்தான் ஆகாது, வாங்கித் தரச் சொன்னா!”

இருவரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே ஏறினாள்.

“சார், அது லஞ்சம் இல்ல சார். போட்டோவுக்காகக் கழட்டினது. திருப்பிக் கொடுத்துட்டாரு. என் கண்ணால பார்த்தேன்.”

“போட்டோ ரூம் பக்கம் நம்ம கேமரா இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப கொடுக்கல.”

“பாவம் சார், அவருக்கு வேலை போயிடும்.”

“இதைக் காட்டலைன்னா உனக்குப் போயிடும். எனக்கும் போயிடும். எப்படி வசதி?”



மதியம் வெளிநாட்டு அம்மா அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். “கீழ போய் நேர்லயே விசாரிச்சது இந்தப் பொண்ணுதான் மேடம், ரொம்பக் கெட்டி” என்று டைரக்டர் அவளை முன்னால் தள்ளினார்.

அந்த அம்மா நாற்காலியைத் திருப்பி, தட்டுத் தடுமாறி நம் பேச்சிலேயே கேட்டார்.

“நீங்க... கீழே என்ன பார்த்தது? பயம் வேண்டாம். உண்மை சொல்லுங்க.”

டைரக்டர் சாவதானமாக ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தார். அவளுடைய வேலையை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கும் உத்தரவு. பேனாவின் மூடியைத் திறந்தார். கையெழுத்துப் போடாமல் அவளையே பார்த்தார்.

பிள்ளையின் முகம் கண்ணில் வந்து நின்றது. அந்தக் கவுண்டர்காரருக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள். அவர்கள் முகம் அவளுக்குத் தெரியாது.

“கேமராவில இருக்கறதுதான் மேடம். வேற ஒண்ணும் பார்க்கலை.”

“நேர்மையான பொண்ணு!” வெளிநாட்டு அம்மா நெகிழ்ந்துபோய் அவள் தோளைத் தட்டினார். “உங்களை மாதிரி ஆள் இருந்தா நாங்க எவ்வளவும் கொடுக்கலாம்.”

டைரக்டர் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், அந்தக் கட்டடத்தில் கைமாறிய முதல் லஞ்சத்தை.