கட்டிலுக்கு வெந்நீர்

"ஒங்கள மட்டும் அது கடிக்காதாக்கும்?"

சாலோமி தலையணையைத் தரையில் எறிந்தாள். கழுத்தில், முழங்கையில், விலாவில் வரிவரியாகத் தடிப்பு. வெயில் ஏறியும் கண் எரிச்சல் அடங்கவில்லை. தொட்டிலில் சிணுங்கிக் கொண்டிருந்த கைக்குழந்தையின் கன்னத்திலும் அதே தடிப்பு.

அவள் கணவன் நேசையா பாளையங்கோட்டையில் வாத்தியார். கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகச் சோம்பல் முறித்தான்.

"படுத்தேன், தூங்கினேன். மூட்டப்பூச்சியையும் பாக்கல, அதோட முட்டையையும் பாக்கல."

"நீங்க தூங்குதிய. நான்லா விடிய விடிய உக்காந்து சொறியுதேன்."

"ஒன் ரத்தம் தித்திப்பா இருக்கும்."

கல்யாணமான புதிதில் என்றால் சிரித்திருப்பாள். இப்போது ஆத்திரம்தான் வந்தது. அந்தப் பனைநார்க் கட்டில் நாங்குநேரியிலிருந்து அவள் அப்பா கொடுத்த சீர். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்த நாத்தனார் ஜெபராணி, அதில் உட்காராமல் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள். "எங்க வீட்டுல மூட்டைன்னு ஒண்ணு இருந்ததே கெடையாது. கட்டிலோட சேந்து வந்திருக்கு."

அன்றிலிருந்து பூச்சிக்கடியை விட அந்தச் சொல்தான் அவளைப் பிடுங்கியது. இவனோ மூட்டையே இல்லை என்கிறான். அப்படியென்றால் அவள் பொய் சொல்கிறாளா?

அவளும் சும்மா இருக்கவில்லை. கட்டிலை வெயிலில் போட்டாள். வசம்பை இடித்து மெத்தைக்கடியில் தூவினாள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மறுபடி வந்துவிடும். ஒரு நாள் சுவரில் மாட்டியிருந்த வேத வசனச் சட்டத்தைத் துடைக்கக் கழற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. சட்டத்தின் முதுகில் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளி. சுவர் வெடிப்பில் பூச்சிகள் அப்பிக் கிடந்தன. கட்டிலைச் சுத்தம் செய்தால் சுவரிலிருந்து வருகின்றன, சுவரைப் பூசினால் மெத்தைத் தையலிலிருந்து வருகின்றன. எல்லா இடத்திலும் ஒரே நாளில் கை வைக்காமல் இதற்கு முடிவு கிடையாது.

சனிக்கிழமை காலையிலேயே வாசலை மறித்து நின்றாள்.

"இன்னைக்கு எங்கயும் போகப்பிடாது. கட்டிலப் புடிக்க ஆளு வேணும்."

"ஒரு பூச்சிக்கு இம்புட்டுப் படையெடுப்பா?"

"ஆமா. நீங்களும் படையில சேருங்க."

நேசையா சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினான். துணிமணியெல்லாம் அண்டாவில் கொதித்தது. மெத்தையைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் பரப்பினார்கள். அவன் வெடிப்புகளில் சுண்ணாம்பைக் குழைத்து அடைக்க, அவள் இண்டு இடுக்கெல்லாம் மண்ணெண்ணெய் தடவினாள். ஏணியில் நின்றவனின் காலைத் தற்செயலாகப் பார்த்தவள் கையை நிறுத்தினாள். ஆடுசதையில் வரிசையாகச் சிவந்த தடிப்புகள்.

"இது என்னது?"

அவன் குனிந்து பார்த்தான். "அட, ஆமா! எப்பக் கடிச்சுதோ."

"பாத்தியளா! ஒங்களையும் நல்லாத்தான் கடிச்சிருக்கு! இதுல பெரிய பேச்சு! ஜெபராணி மைனியக் கூட்டியாங்க, வந்து பாக்கட்டும்!"

பல நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஜெயித்துவிட்டாள். இனி யாரும் அவளைப் பொய்க்காரி என்று சொல்ல முடியாது.

கடைசியாகக் கட்டில். இருவருமாகத் தூக்கிக் கொல்லையில் வைத்தார்கள்.

"ஒருக்களிச்சுப் புடிங்க. பொருத்துலதான் குடியிருக்கும்."

அவன் கட்டிலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். அண்டாவில் தளதளத்த வெந்நீரைச் செம்பில் மொண்டு அவள் பொருத்தில் ஊற்றினாள். பூச்சிகள் கொத்துக் கொத்தாய் உதிர்ந்தன.

"ஏயப்பா! எத்தன கெடக்கு!" நேசையாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஊத்து, ஊத்து! அங்கன ஒண்ணு ஓடுது பாரு!"

அடுத்த செம்பை அப்படியே கவிழ்த்தாள். ஒரு சொட்டு அவள் கால்விரலில் தெறித்தது. "யம்மா!" என்று துள்ளி விலகியவள், பதறிப்போய் அவன் காலைப் பார்த்தாள்.

கட்டில் கால் வழியாக வழிந்த வெந்நீர் அவன் வலது பாதத்தின் மேல் ஆவி பறக்கக் கொட்டிக் கொண்டிருந்தது.

அவன் பாதத்தை நகர்த்தவில்லை.

"ஏன் நிறுத்திட்ட? ஊத்து," என்றான்.

சாலோமி செம்பைப் போட்டுவிட்டு அவனைப் பிடித்து இழுத்துத் துவைகல்லில் உட்கார வைத்தாள். குடத்துத் தண்ணீரைக் காலில் கவிழ்த்தாள். தோல் கன்றிச் சிவந்திருந்தது.

"வலிக்கலியா?"

"இல்லியே. வெந்நி ஆறிப் போயிருக்கும்."

ஒரே சொட்டு விழுந்த அவள் விரல் இன்னும் தீயாய் எரிந்தது. பெருவியாதி என்கிற குஷ்டம் கண்ட உடம்புக்குச் சூடு தெரியாது என்று நாங்குநேரியில் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அவன் இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பெருவிரலின் சதையில் நகம் பதிய, பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள்.

"என்னட்டி செய்யுத, காலப் புடிச்சிக்கிட்டு?"

"கிள்ளுதேன்."

கட்டிலில் ஓடும் பூச்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே நேசையா கேட்டான்: "எங்கன?"